அஞ்சு கட்டையில் பாடும் மின்சாரம்

ராத்திரி கும்மிடிப்பூண்டி லோக்கல் கவரைப்பேட்டையைத் தாண்டிப் போன பிறகு, ஜி.என்.டி. ரோட்டில் ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விழும். அந்த இடைவெளியில்தான் எங்கள் தெருமுனை டிரான்ஸ்பார்மர் காதில் விழும். 'ம்ம்ம்' என்று மூக்கால் இழுக்கிற ஒரே சத்தம். பல வருஷமாக அதைக் கேட்டுக்கொண்டே தூங்கியிருக்கிறேன். அது என்ன சுருதி என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. போன கோடையில் ஒரு ராத்திரி, கைபேசியில் சுருதி காட்டும் ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் எதிரே போய் நின்றேன். 100 ஹெர்ட்ஸ். எழுத்தில் 'ஜி'. பாட்டு வாத்தியார் கணக்கில் அஞ்சு கட்டை, அதிலும் கொஞ்சம் தூக்கல்.

காரணம் எளிது. நம் மின்சாரம் விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னும் ஓடுகிறது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் டிரான்ஸ்பார்மரின் உள்ளே அடுக்கிய இரும்புத் தகடு இரண்டு தடவை மயிரிழையைவிடக் குறைவாக நீண்டு சுருங்கும். அதனால் 100. ஜி ஸ்வரம் 98 ஹெர்ட்ஸ். வித்தியாசம் அரைக் கட்டையில் மூன்றில் ஒரு பங்குதான். பெண்கள் கச்சேரியில் அஞ்சு கட்டை சர்வ சாதாரணம். ஆக, தெருவுக்குத் தெரு ஒரு தம்புராவை நட்டு வைத்துவிட்டு அதை நாம் இரைச்சல் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அங்கே டிரான்ஸ்பார்மர் ஆறரைக் கட்டைக்கும் ஏழு கட்டைக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. பாவம்.

அந்த நேரத்தில் நான் கைபேசியோடு தெருவில் நின்றதற்கு ஒரு காரணம் உண்டு. வீட்டு மேஜையில் ஒரு சிந்தசைசர் செய்துகொண்டிருந்தேன். அதற்கு சுருதி நிற்கவில்லை.

தண்ணீர்த் தொட்டியும் எட்டுக் கால் பூச்சியும்

சிந்தசைசர் என்றதும் மேடை லைட் மியூசிக்கில் கறுப்பு வெள்ளைக் கட்டைகளோடு நிற்கிற கீபோர்டு ஞாபகம் வரும். அது கடையில் வாங்குவது. நான் சொல்வது கையால் செய்கிற ரகம்: பேட்டரி, நாலு ரெசிஸ்டர், ரெண்டு கெப்பாசிட்டர், ஒரு ஐசி, பழைய ரேடியோவில் கழற்றிய ஸ்பீக்கர். சிப்காட் கம்பெனி ஒன்றில் பேனல் போர்டு ஒயரிங் பார்த்த பழைய கை எனக்கு. அது சும்மா இருக்க மறுத்ததன் விளைவு இது.

சாமான் வாங்க சென்னை சென்ட்ரல் போய் இறங்கி ரிச்சி தெருவுக்குத்தான் நடக்க வேண்டும். அங்கேயும் பக்கத்து நரசிங்கபுரம் தெருவிலும் கிடைக்காத எலக்ட்ரானிக்ஸ் சாமான் இல்லை. 'ஃபைவ் ஃபைவ் ஃபைவ் அஞ்சு கொடுங்க' என்றால் கடைக்காரர் தலை நிமிராமல் எண்ணிப் போடுவார். ஒன்று பத்து ரூபாய் அளவில் வரும். எட்டுக் கால் பூச்சி மாதிரி இருக்கும் இந்த ஐசியை 1971ல் வடிவமைத்தவர் ஹான்ஸ் காமென்சிண்ட். சிக்னெடிக்ஸ் கம்பெனி மறு வருஷம் விற்பனைக்கு விட்டது. அன்று தொட்டு இன்று வரை மவுசு குறையாத ஐசி இது என்று அடித்துச் சொல்வேன்.

இதன் வேலையைப் புரிந்துகொள்ள மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தால் போதும். ஆட்டோமேட்டிக் மோட்டார் வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும்: தண்ணீர் கீழ் மிதவைக்கு வந்தால் மோட்டார் ஓடும், மேல் மிதவையைத் தொட்டால் நிற்கும். 555-ல் கெப்பாசிட்டர்தான் தொட்டி, ரெசிஸ்டர்தான் குழாய். பேட்டரி மின்னழுத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு மேல் மிதவை. மூன்றில் ஒரு பங்கு கீழ் மிதவை. நிரம்பும், வடியும், நிரம்பும், வடியும். இது விநாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை நடந்தால், மூன்றாம் காலில் மாட்டிய ஸ்பீக்கர் பாடும். மிதவைகள் இரண்டும் பேட்டரியின் பங்காக இருப்பதால் பேட்டரி கொஞ்சம் இறங்கினாலும் சுருதி பெரிதாக இறங்காது. இந்தப் புத்திசாலித்தனத்துக்காகவே காமென்சிண்டுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

எட்டாம் காலுக்கும் ஏழாம் காலுக்கும் நடுவே 1 கே ரெசிஸ்டர். ஏழுக்கும் ஆறுக்கும் நடுவே 27 கே. ஆறையும் ரெண்டையும் சேர்த்துக் கட்டி, அங்கிருந்து தரைக்கு 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர். நாலாம் கால் எட்டாம் காலோடு. ஒன்றாம் கால் தரை. கணக்கு போட்டால் 261.8 ஹெர்ட்ஸ் வருகிறது. ஆர்மோனியத்தின் நடு 'சி' 261.6. அதாவது ஒரு கட்டை சட்ஜமம்! கடையில் வாடிக்கையாகக் கிடைக்கிற ரெசிஸ்டர் மதிப்பிலேயே சட்ஜமம் வந்து உட்கார்ந்துகொண்டதைக் கண்டு எனக்குக் கொஞ்சம் மெய்சிலிர்த்தது. காகிதத்தில்தான். முதல் ஐசியைப் பேட்டரி திருப்பி மாட்டிப் பொசுக்கினேன். அந்த வாசனை ஒரு நாள் பூரா அறையில் இருந்தது. இரண்டாவது பாடியது. ஆனால் பாடியது ஒரு கட்டையில் இல்லை, கிட்டத்தட்ட ரெண்டு கட்டையில். கெப்பாசிட்டர் எழுதியிருக்கிற மதிப்பைவிட நூற்றுக்குப் பத்து குறைந்து வருவது சகஜம். பத்து குறைந்தால் சுருதி முழுக் கட்டை அளவு ஏறிவிடும். ரேடியோ ரிப்பேருக்கு இந்தப் பத்து பெரிய விஷயமே இல்லை. காதுக்கு அது வேறு பாட்டு.

வெயிலில் ஏறிய சட்ஜமம்

திருகினால் மதிப்பு மாறுகிற பிரிசெட் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்து, டெஸ்டர் முனையால் திருகித் திருகி ஒரு கட்டைக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். அப்போது காலை ஏழு மணி. மத்தியானம் இரண்டு மணிக்கு ஆன் பண்ணினால் அது ஒன்றரைக் கட்டையைத் தாண்டியிருந்தது. என் அறைக்கு மேலே ஷீட் கூரை. கவரைப்பேட்டை வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

குற்றவாளியைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. '104' என்று எழுதிய, பழுப்பு நிறத்தில் மாத்திரை போல இருக்கிற மலிவு செராமிக் கெப்பாசிட்டர். சூடு ஏறினால் அதன் கொள்ளளவு குறையும், தொட்டி சின்னதானால் சீக்கிரம் நிரம்பும், சுருதி ஏறும். அதைக் கழற்றிவிட்டு பாலியஸ்டர் கெப்பாசிட்டர் போட்டதும் ஆட்டம் பெருமளவு அடங்கியது. முழுதாக அடங்கவில்லை.

மேல்நாட்டில் சிந்தசைசர் செய்கிறவர்களுக்கும் இந்தத் தலைவலி உண்டு. ராபர்ட் மூக் 1964ல் செய்த கருவி முதல் பல அனலாக் கருவிகள் சூட்டுக்கு சுருதி நழுவுவதில் பேர்போனவை. ஆனால் அங்கே அதைப் பொறுத்துக்கொண்டார்கள். சிலர் ரசிக்கவும் செய்தார்கள். விசில், இடி, விண்வெளிச் சத்தம் என்று நகர்கிற ஒலியைத் தேடித்தான் அவர்கள் அந்தப் பெட்டியின் முன் உட்கார்ந்தார்கள். நம் ஊரில் எலக்ட்ரானிக்ஸிடம் சங்கீதக்காரர்கள் கேட்டது நேர் எதிரான ஒன்றை: 'அசையாமல் நில்.' இந்த நாட்டில் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்த முதல் மின்னணு வாத்தியம் சுருதிப் பெட்டிதான் என்பது என் கட்சி. அதை யாரும் சிந்தசைசர் என்று சொல்வதில்லை. அந்தக் காலத்துப் பெட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது, என் 555 போல விடாமல் துடிக்கிற ஆசிலேட்டர்தான்.

பெங்களூரில் ஜி. ராஜ் நாராயண் என்று ஒரு எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியர், புல்லாங்குழலும் வாசிப்பவர். 1979ல் ரேடல் கம்பெனியைத் தொடங்கி மின்னணு சுருதிப் பெட்டி, மின்னணுத் தம்புரா, பிறகு தபலா என்று செய்தவர் அவர். வாசிக்கிறவனே சால்டரிங் அயனைக் கையில் எடுத்ததால்தான் அந்தப் பெட்டிக்குக் காது இருந்தது என்று நினைக்கிறேன். இன்று பாட்டு வகுப்பு நடக்கிற வீட்டு வாசலில் செருப்புக் குவியலைப் பார்க்கும் முன்பே அந்தப் பெட்டியின் ரீங்காரம் கேட்டுவிடும்.

இதில் ஒரு ஆள் காணாமல் போனார். கல்யாணத்தில் நாகஸ்வரக் கோஷ்டியோடு ஒத்து ஊதுகிறவர் ஒருவர் வருவார். மூச்சை விடாமல் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் அவர் வேலை. தமிழில் 'ஒத்து ஊதுவது' என்பதை வசையாக்கி வைத்திருக்கிறோம். கன்னம் உப்ப, மூக்கால் காற்றை இழுத்துக்கொண்டே வாயால் விட்டு, முகூர்த்தம் முடியும்வரை சுருதியைத் தாங்குவது லேசான காரியமா என்ன? இப்போது அந்த இடத்தில் சேருக்கடியில் ஒரு பெட்டி. மண்டபத்தில் கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிப்பதற்குள் சுருதி அறுந்துபோய், நாகஸ்வரம் மட்டும் அந்தரத்தில் தொங்குவதை நான் ஒருமுறை கேட்டேன். பத்து விநாடி இருக்கும். அந்தப் பத்து விநாடியில்தான் ஒத்துக்காரரின் சம்பளம் எதற்கு என்று புரிந்தது.

அகமதாபாத்துக்கு வந்த பெட்டி

இந்தியாவுக்கு மூக் சிந்தசைசர் வந்த கதை பலருக்குத் தெரியாது. பம்பாய் சினிமாவுக்கு வரவில்லை, சென்னைக்கும் வரவில்லை. 1969ல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு வந்தது. நாற்காலி, எழுத்துரு, துணி வடிவமைக்கச் சொல்லிக்கொடுக்கிற இடம். அங்கே மின்னணு இசைக்கூடம் ஒன்றை அமைத்துக் கொடுத்தவர் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர். பின்னால் நின்றவர் கீதா சாராபாய். பக்கவாஜ் வாசித்த பெண்மணி. 1946ல் நியூயார்க்கில் ஜான் கேஜுக்கு இந்திய சங்கீதம் சொல்லிக்கொடுத்து, பதிலுக்கு அவரிடம் மேற்கத்திய இசை கற்றவர்.

அந்தக் கூடத்தில் 1972 வரை பதிவான நாடாக்கள் பல வருஷம் அலமாரியில் கிடந்தன. இங்கிலாந்தின் பால் பர்கஸ் அவற்றைத் தோண்டியெடுத்து, 2023ல் ஒரு தொகுப்பு வெளியானது. கீதா சாராபாயோடு ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோரின் ஆக்கங்கள் அதில் உண்டு. மாத்தூரின் ஒரு உருப்படிக்குப் பெயர் 'ஒன்ஸ் ஐ பிளேட் எ தம்புரா'. உலகத்தின் புத்தம்புதுக் கருவியின் முன்னால் உட்கார்ந்த ஆளுக்கு முதலில் தம்புரா ஞாபகம் வந்திருக்கிறது பாருங்கள்!

வேடிக்கை என்னவென்றால், மூக் வந்த 1969ல் அகில இந்திய வானொலியில் ஆர்மோனியத்துக்குத் தடை இருந்தது. 1940ல் போட்ட தடை; 1971ல்தான் தளர்ந்தது. ஆர்மோனியத்தின் கட்டைகள் வெள்ளைக்காரன் சுருதியில் இறுகிப்போனவை, கமகம் பேசாது என்பது குற்றச்சாட்டு. ஆர்மோனியத்தை உள்ளே விடாத நாட்டில், நூறு கம்பி தொங்குகிற மூக் பெட்டி வாசல் வழியாக உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறது.

உண்மையில் அந்தக் குற்றச்சாட்டுக்கு மூக்கின் பெட்டியிலேயே பதில் இருந்தது. அதில் சுருதியை முடிவு செய்வது மின்னழுத்தம். ஒரு ஸ்தாயிக்கு ஒரு வோல்ட். சட்ஜமம் 0 என்றால் மேல் சட்ஜமம் 1 வோல்ட். கீபோர்டில் பஞ்சமத்தை அழுத்தினால் 583 மில்லிவோல்ட் போகும். தம்புராவோடு ஒட்டுகிற பஞ்சமத்துக்கு வேண்டியது 585. காதே கண்டுகொள்ளாது. அந்தர காந்தாரத்தில்தான் வம்பு. கீபோர்டு 333 கொடுக்கும். காது கேட்பது 322. பதினோரு மில்லிவோல்ட் கூடுதல்! ஆர்மோனியத்தில் அந்தப் பதினொன்றைக் கழிக்க ரீடைச் சுரண்ட வேண்டும். இங்கே ஒரு குமிழைத் திருகினால் போதும். கீபோர்டைக் கழற்றி எறிந்துவிட்டு மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றி இறக்கினால், ஸ்வரம் படிக்கட்டில் ஏறாமல் சறுக்குப் பலகையில் போகும். கமகம் என்பதே மின்னழுத்தத்தின் வளைவுதானே.

நானும் முயன்றேன். 555-க்கு ஐந்தாம் கால் என்று ஒன்று உண்டு. பெரும்பாலோர் அதை ஒரு சின்னக் கெப்பாசிட்டரோடு தரைக்குக் கட்டி மறந்துவிடுவார்கள். தொட்டியின் மேல் மிதவை எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று வெளியிலிருந்து சொல்ல அதுதான் வழி. இன்னொரு 555-ஐ விநாடிக்கு இரண்டு தடவை ஆட விட்டு, அதன் ஆட்டத்தை இந்த ஐந்தாம் காலில் கொடுத்தேன். தோடி காந்தாரம் அசைவதைப் போல ஒரு அசைவு வரும் என்று எதிர்பார்த்தேன். மறுநாள் காலையில் எதிர்வீட்டுப் பாட்டி கேட்டை எட்டிப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஏம்பா, ராத்திரி ஆம்புலன்ஸ் வந்துச்சே, உங்க வீட்டுல யாருக்காச்சும் முடியலையா?"

இந்த விஷயத்தில் ஜெயித்தவர் பம்பாய் ஸ்டூடியோ வாத்தியக்காரர் சரண்ஜித் சிங். 1982ல் ரோலண்ட் கம்பெனியின் மூன்று கருவிகளை வைத்துக்கொண்டு, டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்களை ஒரு இசைத்தட்டில் வாசித்தார். அதில் டிபி-303 என்கிற சின்னப் பெட்டிக்கு ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிப் போகும் குணம் உண்டு. தட்டு அப்போது விற்கவில்லை. 2010ல் மறுபடி வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது. சினிமாவிலும் இந்த மின்னணு வித்தை முன்பே நடந்திருக்கிறது: 1954ல் வந்த 'நாகின்' இந்திப் படத்து மகுடியை எந்தப் பாம்பாட்டியும் ஊதவில்லை. கிளாவியோலின் என்ற மின்னணுக் கருவியில் கல்யாண்ஜி வாசித்தது அது.   

தலைகீழ்த் தம்புரா

ஆம்புலன்ஸ் சம்பவத்துக்குப் பிறகு ஹெட்போன் மாட்டிக்கொண்டேன். அடுத்து செய்தது, உலகம் முழுக்க இந்தப் பித்துப் பிடித்தவர்கள் முதலில் செய்து பார்க்கிற சர்க்கியூட். அமெரிக்காவின் ஃபாரஸ்ட் மிம்ஸ் 1980ல் ஒரு கையேட்டில் எழுதியது. பிற்காலத்தில் 'அட்டாரி பங்க் கன்சோல்' என்று பெயர் வாங்கியது. இரண்டு 555. முதலாவது சட்ஜமம் பாடும். இரண்டாவது அதன் துடிப்புகளை எண்ணி, இரண்டுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று, நாலுக்கு ஒன்று என்று விட்டுவிட்டுப் பாடும். குமிழைத் திருகினால் சத்தம் படி படியாகக் கீழே இறங்கும். வீடியோ கேம் சத்தம் என்று சிரிப்பார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காகிதத்தை எடுத்து ஸ்வரம் எழுதினேன். இரண்டால் வகுத்தால் கீழ் சட்ஜமம். மூன்றால் வகுத்தால் மத்தியமம். நாலு, மறுபடி சட்ஜமம். ஐந்து, சுத்த தைவதம். தம்புராத் தந்தி செய்வது என்ன? அது பெருக்கும். இரண்டு மடங்கு சட்ஜமம், மூன்று மடங்கு பஞ்சமம், ஐந்து மடங்கில் அந்தர காந்தாரம். யாரும் மீட்டாமல் தானே எழுகிற அதைத்தான் ஸ்வயம்பு காந்தாரம் என்பார்கள். தம்புரா ஸ-ப-க என்று ஏறுகிற வழியில், இந்தப் பத்து ரூபாய்ப் பூச்சிகள் இரண்டும் ஸ-ம-த என்று இறங்குகின்றன. கண்ணாடியில் பார்த்த தம்புரா. ஏழால் வகுத்தால் வருகிற ஸ்வரம் சதுச்ருதி ரிஷபத்துக்குக் கொஞ்சம் மேலே, பெயரில்லாமல் நிற்கிறது. அதில் ஒரு மணி நேரம் போயிற்று.

இதில் தம்புராவின் நாதம் வருமா என்றால், வராது. 555 தருகிறது சதுர அலை. பெட்டி போட்டது போல, உள்ளே வெறுமையாகக் கேட்கும். தம்புராவில் தந்திக்கும் குதிரைக்கும் நடுவே ஒரு பருத்தி நூலைச் செருகி நகர்த்துவார்கள், ஜீவா என்று பெயர். நூல் சரியான இடத்துக்கு வந்ததும் மந்தமாக இருந்த தந்தி பளீரென்று விரியும். இந்த விரிவு தந்தியைத் தொட்ட கணத்தில் முழுதாக இராது. கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்து, பிறகு மங்கும். அதை மின்சாரத்தில் செய்ய ஃபில்டர் ஒன்று கட்டி, ஒவ்வொரு மீட்டலுக்கும் அதைத் திறந்து மூட வேண்டும். மூன்று வாரமாக மூடித் திறக்கிறேன். இதுவரை வந்திருப்பது கொசு.

நடுவில் ஒரு நாள் கொசுவை ஒதுக்கிவைத்துவிட்டு, வெறும் சுருதி மட்டும் பாடுகிற ஒரு டப்பாவைச் செய்தேன். 68 கே ரெசிஸ்டரோடு 10 கே பிரிசெட். இந்த மதிப்புக்கு சுருதி 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் வந்து விழும். ராத்திரி லோக்கல் போன பிறகு ஸ்பீக்கரை ஜன்னலில் வைத்து, தெருமுனை டிரான்ஸ்பார்மரோடு சேர்க்கப் பார்த்தேன். இரண்டு சுருதிகள் நெருங்கும்போது 'வவ்வவ்' என்று அலை அடிக்கும். டெஸ்டரால் மயிரிழை திருப்பினேன். அலை நீண்டது. இன்னும் கொஞ்சம். நின்றது. இரண்டும் ஒன்றாகிப்போய், சத்தம் என் டப்பாவிலிருந்து வருகிறதா தெருவிலிருந்து வருகிறதா என்று சொல்ல முடியவில்லை.

டிரான்ஸ்பார்மரின் சுருதி எங்கள் தெருவுக்கு மட்டும் சொந்தமில்லை. 2013 டிசம்பர் 31 வரை தென்னிந்திய மின்கட்டம் தனியாகத் துடித்துக்கொண்டிருந்தது. அன்றுதான் ராய்ச்சூர் - சோலாப்பூர் லைன் வழியாக அதை நாட்டின் மற்ற பகுதியோடு இணைத்தார்கள். அதனால் கவரைப்பேட்டை டிரான்ஸ்பார்மரும், அகமதாபாத்தில் அந்த மூக் பெட்டி இருந்த கட்டிடத்துக்குக் கரண்ட் கொடுக்கிற டிரான்ஸ்பார்மரும், காஷ்மீரில் எங்கோ பனியில் நிற்பதும், இந்த விநாடி ஒரே சுருதி. அந்த சுருதியும் கல்லில் பொறித்ததல்ல. 49.90-க்கும் 50.05-க்கும் நடுவே வைத்திருக்கப் பார்ப்பார்கள். எங்கோ ஆலைகள் மோட்டார் போட்டால் இறங்கும், எங்கோ அணைக்கட்டில் மதகு திறந்தால் ஏறும்.

ஐந்து நிமிஷம் இருக்கும். மறுபடி அலை வந்தது. மிக மெதுவாக, பத்து விநாடிக்கு ஒன்று. நகர்ந்தது என் கெப்பாசிட்டரா, மின்கட்டமா? டெஸ்டரைக் கையில் எடுத்தேன், பிறகு கீழே வைத்துவிட்டேன். அதற்குள் ரோட்டில் லாரி ஒன்று வந்துவிட்டது.